கணினியில் தேவையில்லாத செயலிகளையும் அழிய மறுக்கும் கோப்புகளையும் முழுதாக நீக்குவது எப்படி?

நீங்கள் கேட்பது இரண்டு விஷயம்: நீக்கிய செயலி மறுபடி வந்து நிற்கிறது, சில கோப்புகள் "வேறொரு நிரலில் திறந்திருக்கிறது" என்று சொல்லி அழிய மறுக்கின்றன. விண்டோஸ் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன், இந்தத் தொல்லை அங்கேதான் அதிகம்.

முதலில் செயலி. அதன் போல்டரைத் தேடிப் பிடித்து டெலீட் அடிக்காதீர்கள். அப்படிச் செய்தால் அன்இன்ஸ்டால் செய்யும் நிரலும் சேர்ந்து போய்விடும், ஆனால் பின்னணியில் ஓடும் சேவையும் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் இடம்) உள்ள பதிவுகளும் அப்படியே கிடக்கும், பிறகு முறையாக நீக்குவது சிரமமாகிவிடும். செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், பட்டியலை நிறுவிய தேதிப்படி அடுக்கிப் பாருங்கள். வேண்டாத செயலி எந்தத் தேதியில் வந்ததோ அதே தேதியில் உங்களுக்குத் தெரியாத இன்னும் ஒன்றிரண்டு பெயர்கள் இருந்தால், அவை பெரும்பாலும் ஒரே இன்ஸ்டாலரில் ஒட்டிக்கொண்டு வந்த கூட்டாளிகள், ஒன்றை நீக்கினால் இன்னொன்று அதைத் திரும்பக் கொண்டு வந்துவிடும். எது என்ன என்று இணையத்தில் ஒரு முறை தேடி உறுதி செய்துகொண்டு, எல்லாவற்றையும் சேர்த்தே நீக்குங்கள்.

அப்படியும் திரும்ப வந்தால் டாஸ்க் ஷெட்யூலரைப் பாருங்கள், நிறைய பேர் பார்க்காத இடம் அதுதான். கணினி தொடங்கும்போதோ குறித்த நேரத்திலோ ஓடும்படி ஒரு வேலையை அங்கே பதிந்துவிட்டுப் போயிருக்கும். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோரன்ஸ் இலவசம். தானாகத் தொடங்கும் நிரல்கள், சேவைகள், ஷெட்யூல் செய்த வேலைகள் எல்லாவற்றையும் ஒரே ஜன்னலில் காட்டும். சந்தேகமானதை உடனே அழிக்க வேண்டாம், பக்கத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், ஏதாவது கெட்டால் டிக்கைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். பிரவுசரில் ஒட்டிய எக்ஸ்டென்ஷன்களைத் தனியாகத்தான் நீக்க வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

சரி, அழியாத கோப்பு. லினக்ஸில் ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பைக்கூட அழிக்கலாம், பெயர் உடனே போய்விடும், அந்த நிரல் மூடியதும் இடமும் காலியாகும். விண்டோஸில் ஒரு நிரல் கோப்பைத் திறக்கும்போதே "நான் விடும்வரை யாரும் அழிக்கக் கூடாது" என்று பூட்டிக்கொள்ள முடியும். அதனால் கோப்பு அழியவில்லை என்றால், அதை யார் பிடித்துக்கொண்டிருப்பது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் ஏதோ ஒரு 'ஃபோர்ஸ் டெலீட்' கருவியை இறக்காதீர்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். விளம்பரம் போட்டு அழைக்கிற அந்த மாதிரிக் கருவிகளில் சில, நீங்கள் துரத்த நினைக்கும் அதே குப்பையைக் கையோடு கொண்டு வருகின்றன.

பார்க்க வழி விண்டோஸிலேயே இருக்கிறது. ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, சிபியு தாவலில் ஹேண்டில்ஸ் என்ற பகுதியில் உள்ள தேடல் பெட்டியில் கோப்பின் பெயரைத் தட்டினால், அதைத் திறந்து வைத்திருக்கும் நிரலின் பெயர் வந்து நிற்கும். மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவித் தொகுப்பான பவர்டாய்ஸ் இருந்தால் இன்னும் சுலபம், கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து ஃபைல் லாக்ஸ்மித் கொடுத்தால் போதும்.

அடிக்கடி நடப்பது ஒன்றைச் சொல்கிறேன். கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள் ஒன்றை நீக்கியாகிவிட்டது, ஆனால் அதன் போல்டரில் ஒரே ஒரு டிஎல்எல் (நிரல்கள் ஏற்றிப் பயன்படுத்தும் துணைக் கோப்பு) மட்டும் போக மாட்டேன் என்கிறது. அதே சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரில் தேடினால் பிடித்திருப்பது வேறு யாருமில்லை, போல்டர்களைத் திறந்து காட்டும் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரேதான். அந்த மென்பொருள் ரைட் கிளிக் மெனுவில் தன் பெயரைச் சேர்த்திருந்தது, அந்த மெனுவுக்காக எக்ஸ்ப்ளோரர் அந்த டிஎல்எல்லை ஏற்றி வைத்திருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்து ரீஸ்டார்ட் கொடுத்து, உடனே அழித்தால் பெரும்பாலும் போய்விடும்.

பிடித்திருப்பது விடாப்பிடியான ஒரு சேவை என்றால் சேஃப் மோடு, அதாவது அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் நிலை. ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் அதற்கான திரை வரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள், விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவை சேஃப் மோடில் இயல்பாக ஓடாது, அதனால் பல செயலிகள் அங்கே அன்இன்ஸ்டால் ஆகாமல் பிழை காட்டும். சாதாரண நிலையில் அன்இன்ஸ்டால், மிச்சத்தை அழிக்க மட்டும் சேஃப் மோடு, இந்த வரிசையில் போங்கள்.

யாருமே பிடிக்காமலும் சில கோப்புகள் அழியாது. போல்டருக்குள் போல்டர் என்று முழுப் பாதை 260 எழுத்தைத் தாண்டினால் எக்ஸ்ப்ளோரர் திணறும். மேலே உள்ள போல்டர்களின் பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கிவிட்டு அழித்துப் பாருங்கள்.

மிச்சங்கள் பெரும்பாலும் ப்ரோகிராம் ஃபைல்ஸ், ப்ரோகிராம்டேட்டா, அப்புறம் ஆப்டேட்டாவின் லோக்கல், ரோமிங் போல்டர்களில் இருக்கும். அந்தச் செயலியின் பெயரில் உள்ளதை மட்டும் எடுங்கள். ரெஜிஸ்ட்ரி கிளீனர் வேண்டவே வேண்டாம், மைக்ரோசாஃப்டே அவற்றை ஆதரிப்பதில்லை. விண்டோஸ் போல்டருக்குள் இன்ஸ்டாலர் என்று மறைவாக ஒரு போல்டர் இருக்கும், சில கணினிகளில் பல ஜிபி பிடித்திருக்கும், பார்த்தால் அழிக்கத் தோன்றும். தொடாதீர்கள். நிறுவிய செயலிகளை அப்டேட் செய்யவும் நீக்கவும் தேவையான கோப்புகள் அங்கேதான் இருக்கின்றன, அவை போனால் நாளைக்குப் பல செயலிகளை ஒழுங்காக நீக்க முடியாமல் போகலாம். ட்ரஸ்டட் இன்ஸ்டாலர் அனுமதி வேண்டும் என்று ஒரு கோப்பு சொன்னாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள், அது விண்டோஸின் சொந்தக் கோப்பாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.