ஆழம் இறங்கும் லூருக்கு எந்த ரொட், எந்தத் தங்கூசி? கேள்வி பதில்

ஆழம் இறங்கும் கிராங்க்பெயிட், அதாவது சொண்டு வைத்த மீன் வடிவ லூர் (செயற்கை இரை) பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. கொழும்பைச் சுற்றியுள்ள தண்ணீரில் வீசுபவர்களுக்கும், வெளிநாட்டில் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கப் போகிறவர்களுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். வலை, படகு எஞ்சின் பற்றிய கேள்விகளை எடுக்கவில்லை. அவை எனக்குத் தெரிந்த துறை இல்லை.

வெள்ளவத்தை: அண்ணா, ரொறன்ரோவில் இருக்கிற மைத்துனர் கோடைக்கு வரச் சொல்லியிருக்கிறார். அங்கே லார்ஜ்மவுத் பாஸுக்கு ஆழம் இறங்கும் கிராங்க்பெயிட்தான் போட வேண்டுமாம். என்ன ரொட், என்ன தங்கூசி வாங்கிப் போக?

ரொட்டை அங்கேயே வாங்குங்கள் தம்பி. இந்த வேலைக்குத் தேவையானது ஏழு அடியிலிருந்து எட்டு அடிக்குள் இருக்கும் நீளமான ரொட். நல்லவை பெரும்பாலும் ஒரே துண்டாக வரும், விமானத்தில் கொண்டுபோவது பெரிய தலையிடி.

நீளம் எதற்கென்றால் தூரம் எறிவதற்கு. இந்த லூர் விழுந்த இடத்திலேயே அடிக்குப் போய்விடாது. சொண்டில், அதாவது லூரின் முன்னால் நீட்டியிருக்கும் தகட்டில், தண்ணீர் அழுத்த அழுத்தச் சாய்வாக இறங்கும், கொஞ்சத் தூரம் அடியோடு ஓடும், பிறகு உங்களை நெருங்கும்போது மேலே ஏறத் தொடங்கும். கிட்ட எறிந்தால் இறங்கி முடிவதற்குள் ஏறத் தொடங்கிவிடும். மீன் இருக்கிற ஆழத்தில் லூர் எத்தனை மீற்றர் ஓடுகிறது என்பதுதான் கணக்கு.

பலம் மீடியம் ஹெவி. வளைவு மொடரேட், அதாவது நுனி மட்டும் வளையாமல் நடு ரொட் வரை வளைய வேண்டும். பைபர் கிளாஸ், அல்லது கிளாஸும் கார்பனும் கலந்தது. விறைப்பான ரொட் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: கிராங்க்பெயிட்டில் இருப்பவை சின்ன ட்ரெபிள் (மூன்று கூர் உள்ள) முள்ளுகள். லூர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாஸ் வந்து கவ்வும். விறைத்த நுனி என்றால் வாய் மூடுவதற்குள் லூரைப் பறித்துவிடும். பறிக்காவிட்டாலும், மீன் துள்ளித் தலையை உதறும்போது முள்ளு சதையைக் கிழித்துக்கொண்டு கழன்றுவிடும். வளையும் ரொட் அந்த உதறலை உள்வாங்கிக்கொள்ளும்.

ரீல் 5:1 கிட்ட (கைப்பிடி ஒரு தடவை சுற்ற ஸ்பூல் ஐந்து தடவை சுற்றும்) இருக்கிற பெயிட்காஸ்டர், அதாவது ரொட்டின் மேல் அமரும் ரீல். தங்கூசி 10 முதல் 12 இறாத்தல் புளோரோகார்பன் என்ற ஒற்றை இழை. லூர் முக்கால் அவுன்சிலிருந்து ஒரு அவுன்ஸ் வரை வரும், ரொட்டில் எழுதியிருக்கும் எடை அதைத் தாங்குகிறதா என்று பாருங்கள். ஒன்ராறியோவில் மீன்பிடி அனுமதிச் சீட்டு வேண்டும், பாஸ் பிடிக்கும் பருவத்துக்கும் திகதி உண்டு. இரண்டையும் மைத்துனரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

மட்டக்குளி: களனி முகத்துவாரத்தில் 60 இறாத்தல் பிரெய்டில் (பின்னிய தங்கூசியில்) வீசுகிறேன். 20 அடி இறங்கும் என்று பெட்டியில் போட்ட லூர் பாதிகூட இறங்குவதில்லை. போலிச் சரக்கா?

லூரில் பிழை இருக்காது. உங்கள் தங்கூசி தடிப்பு.

காலி முகத்திடலில் பட்டம் விடுபவர்களைப் பாருங்கள். தடித்த நூல் கட்டினால் காற்று நூலைத் தள்ளி வயிறு விழ வைக்கும், பட்டம் உயரம் போகாது. தண்ணீருக்குள் அதே சங்கதி தலைகீழாக நடக்கிறது. சொண்டு லூரைக் கீழே இழுக்கிறது, தண்ணீரில் உராயும் தங்கூசி அதை மேலே பிடிக்கிறது. தடிப்பு கூடக் கூட ஆழம் குறையும்.

12 இறாத்தல் புளோரோகார்பன் ஏறக்குறைய 0.33 மில்லிமீற்றர். பிரெய்டின் தடிப்பைச் சொல்லும் ஜப்பானிய இலக்கம் பிஈ; பிஈ 2 பிரெய்ட் 0.235, பிஈ 1.5 என்றால் 0.205. பிரெய்ட் மிதக்கும், புளோரோகார்பன் தாழும், அதனால் புளோரோகார்பன்தான் ஆழம் போகும் என்று பலர் சொல்கிறார்கள். ஒரே தடிப்பில் இருந்தால் அது சரி. ஆனால் மிதப்பதைவிட உராய்வுதான் பெரிய காரணம். அதனால் மெல்லிய பிரெய்ட் மிதந்தாலும் லூரை நன்றாக இறங்க விடும்.

உங்கள் இடத்துக்கு 30 இறாத்தல் அளவில் மெல்லிய பிரெய்ட் சுற்றுங்கள். நுனியில் லூருக்கு முன் கட்டும் தனித் துண்டான லீடர் 40 இறாத்தலில் ஒரு மீற்றர் போதும், அதற்கு மேல் நீட்டினால் அந்தத் தடிப்பும் லூரைத் தூக்கும். பிரெய்ட் நீளாது. ஆகவே ரொட் இன்னும் இளக்கமாக இருக்க வேண்டும், மீன் இழுக்கும்போது தங்கூசியை விட்டுக்கொடுக்கும் டிராக்கையும் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள்.

இன்னொன்று. முகத்துவாரத்தில் லூர் கல்லில் சிக்கினால் ரொட்டை வளைத்து முகத்துக்கு நேரே இழுக்காதீர்கள். பிரெய்ட் நீளாதபடியால் கழன்ற வேகத்தில் லூர் நேரே உங்களை நோக்கி வரும். ரொட்டைத் தாழ்த்தி, முகத்தைத் திருப்பி, துணி சுற்றிய கையால் தங்கூசியைப் பிடித்து இழுங்கள். கண்ணாடி போடாமல் ட்ரெபிள் லூர் வீசவே வேண்டாம்.

மொரட்டுவை: பொல்கொடை ஏரியில் கொடுவாவுக்கு 20 அடி லூர் போடலாமா?

வேண்டாம். பொல்கொடையின் பெரும்பகுதி அவ்வளவு ஆழம் இல்லை. லூர் சேற்றை உழுது இலையும் குப்பையும் அள்ளிக்கொண்டு வரும். உங்களுக்குத் தேவையானது நீங்கள் வீசும் இடத்தின் ஆழத்தைவிட ஓரிரு அடி கூட இறங்கும் லூர். எட்டு அடித் தண்ணீருக்குப் பத்து அடி லூர். அது தரையை லேசாகத் தட்டித் தட்டி வர வேண்டும். கல்லிலோ கட்டையிலோ மோதித் திசை மாறும் அந்த நொடியில்தான் பெரும்பாலும் மீன் அடிக்கும். நடுத்தண்ணீரில் எதையும் தொடாமல் ஓடும் லூரை மீன் பார்த்துக்கொண்டு இருந்துவிடும்.

ஆழமான லூருக்கு வேலை இருக்கும் இடங்கள் பாலத் தூண்களின் அடி, ஆறு வளையும் இடத்தின் வெளிப்பக்கம், ஏரியிலிருந்து பாணந்துறைப் பக்கம் கடலுக்குப் போகும் வாய்க்கால். கண்டல் வேரோரத்தில் கட்டையில் தட்டியதும் சுற்றுவதை நிறுத்துங்கள். இந்த லூர்களில் பெரும்பாலானவை மிதப்பவை, பின்னோக்கி எழும்பித் தானே கழன்றுவிடும். பதறி இழுத்தால்தான் முள்ளு ஏறும்.

கொடுவா பாஸைப் போல வாயைத் திறந்து அடிக்கும், ஆனால் அதன் செவுள் மூடி சவரக்கத்தி. அதற்குத்தான் அந்த 40 இறாத்தல் லீடர். கையையும் அங்கே விடாதீர்கள். பெரிய கொடுவா கிடைத்தால் படம் எடுத்துவிட்டுத் திருப்பி விடுங்கள். கொடுவா ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் மீன், பெரியவை எல்லாம் பெரும்பாலும் முட்டையிடும் தாய்கள்.

கொட்டாஞ்சேனை: எந்தக் கம்பனி ரொட் திறம்?

கம்பனிப் பெயர் சொல்ல மாட்டேன். கைப்பிடிக்கு மேலே எழுதியிருக்கும் நீளம், பலம், லூர் எடை மூன்றையும் படியுங்கள். கடையில் நுனியைக் கூரையில் ஊன்றாதீர்கள், உடையும். யாரையாவது நுனியில் தங்கூசியைப் பிடிக்கச் சொல்லி வளைத்துப் பாருங்கள்.

பம்பலப்பிட்டி: என்னிடம் 8:1 ரீல் இருக்கிறது. மெதுவாகச் சுற்றினால் போதாதா?

முதல் கொஞ்ச நேரம் போதும். பெரிய சொண்டு தண்ணீரில் பிடிக்கும் பிடி பலமானது. வேக ரீலில் அந்தப் பாரம் முழுக்க மணிக்கட்டில் விழும், களைத்ததும் வேகம் ஒழுங்கில்லாமல் போகும். 5:1 ரீல் ஒரு சுற்றுக்குக் குறைவாக இழுக்கும், கை நோகாது.

வேகமாகச் சுற்றினால் ஆழம் கூடும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. அது பிழை. ஆழத்தைத் தீர்மானிப்பவை சொண்டு, தங்கூசித் தடிப்பு, எறிந்த தூரம். இன்னும் ஓரிரு அடி வேண்டுமென்றால் ரொட் நுனியைத் தண்ணீருக்குள் வைத்துச் சுற்றுங்கள்.

தெஹிவளை: நானா, லூர் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறது. எறிந்துவிடவா?

எறிய வேண்டாம். சொண்டை உங்களைப் பார்க்கப் பிடியுங்கள். லூர் உங்கள் இடப்பக்கம் ஓடினால், தங்கூசி கட்டும் வளையத்தைக் குறட்டால் உங்கள் வலப்பக்கம் மயிரிழை வளையுங்கள். வலப்பக்கம் ஓடினால் இடப்பக்கம். ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பாருங்கள். சாய்ந்து ஓடும் லூர் முழு ஆழம் போகாது.

ராஜகிரிய: ஜப்பானில் பாஸ் கொண்டுவந்து விட்டபடியால்தானே உலகச் சாதனை மீன் பிவா ஏரியில் பிடிபட்டது? காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நாங்களும் விட்டால் என்ன? சுற்றுலாவும் வளரும்.

இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

2009 இல் மனாபு குரிதா பிவா ஏரியில் பிடித்த பாஸ் பத்து கிலோவுக்கு மேல். 1932 இல் ஜோர்ஜியாவில் ஜோர்ஜ் பெரி பிடித்ததைவிட ஒரு அவுன்ஸ்கூடக் கூடவில்லை என்பதால் இரண்டும் சமம் என்று பதிந்தார்கள். அது உண்மை. அதே ஜப்பானின் மிச்சக் கதையையும் கேளுங்கள். 1925 இல் ஆஷி ஏரியில் விட்ட பாஸ் நாடு முழுக்கப் பரவியது. பிவா ஏரி இருக்கும் ஷிகா மாகாணத்தில், பிடித்த பாஸைத் திரும்ப விடுவதை 2003 இல் தடை செய்தார்கள். 2005 இல் பாஸை வளர்ப்பது, உயிரோடு கொண்டுபோவது, விடுவது எல்லாவற்றையும் நாடு முழுவதும் சட்டம் தடுத்தது. இன்னொரு வெளிநாட்டு மீனான புளூகில்லை 1960 இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுபோனவர் அப்போதைய இளவரசர் அகிஹிதோ. அவரே பேரரசராக இருக்கும்போது 2007 இல் அதற்கு வருந்திப் பேசினார்.

காசல்ரீத் தண்ணீர் அங்கேயே நிற்பதில்லை. களனியாக இறங்கிக் கொழும்புக்கு வருகிறது. எங்கள் ஈரவலயத்து ஓடைகளில் உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் வாழ்கின்றன. பந்துல பெத்தியா என்ற விரலளவு மீன் இயற்கையாக இருந்தது கலபிட்டமடையில் ஒரு ஓடையில் மட்டும். வாய்க்குள் அடங்கும் எதையும் விழுங்கும் பாஸ் அப்படிப்பட்ட ஓடைக்குள் நுழைந்தால் என்ன மிஞ்சும்?

நுகேகொடை: திலாப்பியாவும் வெளிநாட்டு மீன்தான் ஐயா. 1952 இல் வந்தது. இன்று குளக்கரைக் குடும்பங்கள் அதில்தான் சீவிக்கின்றன. அது மட்டும் சரியா?

நல்ல கேள்வி, நேர்மையாகவே பதில் சொல்கிறேன். திலாப்பியாவால் கிடைத்த சோற்றுக்கறியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அது பெரும்பாலும் பாசியும் மக்கலும் தின்னும் மீன், மனிதர் கட்டிய குளங்களில் பெருகியது. பாஸ் மீன் தின்னும் மீன், வருவதும் எங்கள் பொழுதுபோக்குக்கு. அதற்கு ஒப்பிட வேண்டியது அலங்கார மீன் தொட்டியிலிருந்து தப்பிய கத்தி மீனை. கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்களில் அது என்ன செய்கிறது என்று அத்திடியப் பக்கம் கேட்டுப் பாருங்கள்.

மறுபடியும் ராஜகிரிய: வெள்ளைக்காரன் ஹோர்டன் சமவெளியில் ட்ரவுட் விட்டானே?

ட்ரவுட்டுக்குக் குளிர் தண்ணீர் வேண்டும், அதனால் மலையோடு நின்றுவிட்டது. பாஸுக்கு எங்கள் வெப்பம் பிடிக்கும். அவன் விட்டான் என்பது நாங்கள் விடுவதற்குக் காரணம் இல்லை. உங்களுக்கு வாய் திறந்து அடிக்கும் மீன் வேண்டுமென்றால் விரால் இருக்கிறது, கொடுவா இருக்கிறது, செம்பல்லி இருக்கிறது. பாஸ் விடும் பேச்சை இங்கே இதோடு நிறுத்திக்கொள்வோம்.

வத்தளை: ஆழமான லூருக்கு எந்த ரொட் நல்லது?

வெள்ளவத்தைத் தம்பிக்கு எழுதியதை வாசியுங்கள்.

கொம்பனித்தெரு: 80 இறாத்தல் பிரெய்ட் போட்டால் பாதுகாப்புத்தானே?

மட்டக்குளிக்கு எழுதியதை வாசியுங்கள். தடிப்பு, தடிப்பு, தடிப்பு. இதே கேள்வி வேறு இலக்கங்களோடு இன்னும் பலரிடமிருந்து வந்திருக்கிறது, எல்லோருக்கும் இதே பதில்தான்.

கொள்ளுப்பிட்டி: என் மகனுக்குப் பதினொரு வயது. பெயிட்காஸ்டர் கட்டாயமா அண்ணா?

இல்லை தங்கச்சி. ஏழு அடிக்குக் கொஞ்சம் குறைந்த ஸ்பின்னிங் ரொட், 3000 அளவு ரீல், பிஈ 1 பிரெய்ட், ஆறு அடி இறங்கும் சின்ன லூர். பெரிய சொண்டு வேண்டாம், பிள்ளை இழுத்துக் களைத்துவிடும். ட்ரெபிள் முள்ளுகளின் கூர்க்காதுகளைக் குறட்டால் நசுக்கி விடுங்கள். விரலில் ஏறினாலும் இலகுவாகக் கழற்றலாம். அவனுக்கும் கண்ணாடி, பக்கத்தில் நிற்கிற உங்களுக்கும் கண்ணாடி.

பாணந்துறை: லூர் சிக்கினால் இறங்கி எடுக்கிறேன். இடுப்பளவு தண்ணீர்தான்.

இறங்காதீர்கள். அந்தத் தண்ணீரில் முதலை உண்டு. கழற்றுவதற்குத் தங்கூசி வழியே இறக்கும் ஈயக்குண்டு இருக்கிறது. அதுவும் சரிவராவிட்டால், முடிந்தளவு லூருக்குக் கிட்ட அறுத்து, மீதித் தங்கூசியைச் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கண்டலில் தொங்கும் பிரெய்ட் நீர்க்காகங்களின் காலை அறுக்கிறது.

கல்கிசை: உப்புத் தண்ணீரில் வீசிய பிறகு என்ன செய்ய வேண்டும்?

ரீலையும் லூரையும் நல்ல தண்ணீரில் கழுவிக் காய விடுங்கள், ரீலை முக்க வேண்டாம். பாஸுக்குச் செய்த லூர்களின் ட்ரெபிள் மெல்லியவை, கொடுவா அவற்றை நிமிர்த்திவிடும். வாங்கியதும் தடித்த முள்ளுக்கு மாற்றுங்கள். ஆனால் பாரம் கூடினால் லூர் மிதப்பை இழக்கும், அப்புறம் கட்டையில் தட்டினால் எழும்பாது. மாற்றிய பிறகு ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் சரி.