வாஷிங் மெஷினில் வாடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: முன்பக்கம் கதவு உள்ள வாஷிங் மெஷின் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. ஆறு மாதமாகக் கதவைத் திறந்தாலே மக்கிய வாடை. துவைத்த துண்டு காய்ந்ததும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் முகம் துடைத்து ஈரம் பட்டதும் நாறுகிறது. டிடர்ஜென்ட்டைக் கூட்டினேன், ஃபேப்ரிக் கண்டிஷனரையும் இன்னொரு மூடி ஊற்றிப் பார்த்தேன். வாடை கூடியதே தவிர குறையவில்லை. பார்க்க வந்த சர்வீஸ்காரர் கதவு ரப்பரை மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ரப்பர் கிழிந்து தண்ணீர் கசிந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். வாடைக்காக மட்டும் என்றால் பணத்தை எடுக்கும் முன் ஒரு விடுமுறை நாள் காலையை இதற்கு ஒதுக்குங்கள். காரணம் உள்ளே அப்படியே இருக்கும்போது புது ரப்பர் போட்டால் அதுவும் சில மாதத்தில் நாற ஆரம்பித்துவிடும்.

துண்டைப் பற்றி நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. காய்ந்தபோது இல்லாத நாற்றம் ஈரம் பட்டதும் வருகிறது என்றால், அதை உண்டாக்கும் கிருமி துணியை விட்டுப் போகவே இல்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, துவைத்த துணியின் நாற்றத்துக்கு மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியாவை முக்கியக் காரணமாகக் காட்டியது. துணி உலர்ந்தாலும் அது சாவதில்லை. மறுபடி ஈரம் கிடைத்ததும், இழையில் ஒட்டியிருக்கும் உடம்பு எண்ணெயையும் அழுக்கையும் தின்று, நாற்றமெடுக்கும் ஓர் அமிலத்தை வெளியிடுகிறது.

மெஷினுக்குள்ளும் இதே கதைதான். கதவைத் திறந்தால் பளபளவென்று தெரியும் துளை போட்ட எஃகு டிரம், பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். அது இன்னொரு தொட்டிக்குள் சுற்றுகிறது. அந்த வெளித்தொட்டியின் உட்சுவரையும் டிரம்மின் முதுகையும் நாம் பார்ப்பதே இல்லை. அங்கேதான் அலசலில் போகாத டிடர்ஜென்ட், தோல் எண்ணெய், நூல்பிசிறு எல்லாம் சேர்ந்து சாம்பல் நிறத்தில் வழவழவென்று படிகிறது. கண்டிஷனர் துணிமேல் ஒரு மெல்லிய மெழுகுப் பூச்சு போலப் படிந்துதான் துணியை மென்மையாக்குகிறது. அந்தப் பூச்சு தொட்டியிலும் ஒட்டும். ஆக, நீங்கள் இரண்டையும் கூட்டியபோது கிருமிக்குத் தீனியைத்தான் கூட்டியிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்வதற்கில்லை, நாறினால் வாசனையைக் கூட்டத்தான் யாருக்கும் தோன்றும்.

சரி, செய்ய வேண்டியதைப் பார்ப்போம். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கதவு ரப்பரில் தொடங்குங்கள். அதன் கீழ்ப்பக்க மடிப்பை விரலால் நன்றாக விரித்து, வெள்ளைத் துணி சுற்றிய விரலை உள்ளே விட்டு ஒரு இழுப்பு இழுங்கள். துணி கறுப்பாக வந்தால் வாடையின் ஓர் ஊற்று அங்கே இருக்கிறது. முடி, நூல், சில சமயம் ஒரு ஹேர்பின் கூட அகப்படும். மடிப்பின் அடியில் தண்ணீர் வடிய இரண்டு மூன்று சிறு துளைகள் இருக்கும். அவை அடைத்துக்கொண்டால் ஒவ்வொரு துவையலுக்குப் பிறகும் கொஞ்சம் தண்ணீர் அங்கேயே தேங்கி நிற்கும். பழைய பல்துலக்கியும் கொஞ்சம் டிடர்ஜென்ட் கலந்த வெந்நீரும் போதும். பூஞ்சை ரப்பருக்குள் ஊறி நின்ற கறுப்புப் புள்ளிகள் சிலது போகாது. வாடை போய்விட்டால் புள்ளியை விட்டுவிடுங்கள்.

அடுத்தது டிடர்ஜென்ட் ஊற்றும் இழுப்பறை. நடுவில் உள்ள நாக்கை அழுத்தினால் பெரும்பாலான மாடல்களில் முழுதாக வெளியே வந்துவிடும். கண்டிஷனர் அறையின் மூடிக்கு அடியில் கூழாக இருக்கும், கழுவிவிடுங்கள். இழுப்பறை இருந்த பொந்தின் மேற்கூரையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் கொட்டும் துளைகளைச் சுற்றிக் கறுப்பாகப் பிடித்திருந்தால் அதையும் தேய்த்துவிட வேண்டும்.

அப்புறம் பம்ப் ஃபில்டர். மெஷினின் கீழ்மூலையில் சின்னக் கதவு ஒன்று இருக்கும். பல வீடுகளில் வாங்கிய நாள் முதல் அதைத் திறந்தே இருக்க மாட்டார்கள். சூடான துவையல் முடிந்த கையோடு திறக்காதீர்கள், ஆறட்டும். தரையில் பழந்துணி விரித்து ஒரு தட்டைப் பாத்திரம் வையுங்கள். சிறு ரப்பர்க் குழாய் இருந்தால் அதன் அடைப்பானை எடுத்து முதலில் தண்ணீரை வடித்துவிட்டு, பிறகு ஃபில்டரை மெல்லத் திருகிக் கழற்றுங்கள். எங்கள் வீட்டு மெஷினில் முதல்முறை அதைக் கழற்றியபோது குழந்தையின் காலுறை ஒன்று கறுத்து, கூழ் பூசியது போல வந்தது. எத்தனை மாதம் அந்தத் தண்ணீரில் ஊறியதோ! அதை எடுத்துப் போட்ட அன்றே பாதி வாடை போய்விட்டது. ஃபில்டரைத் திரும்ப மாட்டும்போது இறுக்கமாக உட்கார்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த துவையலில் தரையெல்லாம் தண்ணீர்தான்.

இவ்வளவும் முடிந்த பிறகு துணி எதுவும் போடாமல் ஒரு சுடுநீர் ஓட்டம். 60 டிகிரிக்குக் குறையக் கூடாது, 90 இருந்தால் இன்னும் நல்லது. டிரம்முக்குள் சோடியம் பெர்கார்பனேட், அதாவது ஆக்சிஜன் பிளீச் தூளைப் பொட்டலத்தில் சொன்ன அளவு போடுங்கள். குளிர்ந்த நீரில் இது மந்தமாகத்தான் வேலை செய்யும், சூடு ஏற ஏற வீரியம் கூடும். முடிந்ததும் டிரம்மில் கறுப்பாகச் செதில் செதிலாகக் கிடந்தால் பயப்படாதீர்கள். உள்ளே ஒட்டியிருந்தது கழன்று வருகிறது. செதில் நிற்கும்வரை இரண்டு மூன்று ஓட்டம் விடலாம். துண்டுகளையும் சலவைக் குறிப்புச் சீட்டு அனுமதித்தால் 60 டிகிரியில் இதே தூள் போட்டுத் துவைத்து, அன்றே நன்றாகக் காயவையுங்கள். துண்டுக்குக் கண்டிஷனர் வேண்டவே வேண்டாம், அது தண்ணீர் உறிஞ்சுவதையும் கெடுக்கும்.

டிடர்ஜென்ட் அதிகமாகிறதா என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது. துவைத்து வைத்த துண்டு நாலைந்தை எதுவும் போடாமல் வெதுவெதுப்பான நீரில் ஓடவிட்டு, கண்ணாடி வழியே பாருங்கள். நுரை கட்டினால் அது பழைய டிடர்ஜென்ட். அளவை இப்போது போடுவதில் பாதியாக்குங்கள், துணி வெளுக்கவில்லை என்றால் மட்டும் சிறிது கூட்டுங்கள். இனி மாதம் ஒரு சுடுநீர் ஓட்டம், துவைத்ததும் துணியை எடுத்துவிடுவது, ரப்பரைத் துடைத்துக் கதவை ஒருச்சாய்த்து வைப்பது, இவை போதும். வீட்டில் சின்னக் குழந்தையோ பூனையோ இருந்தால் கதவை அகலத் திறந்து வைக்காதீர்கள், உள்ளே ஏறிவிடும் ஆபத்து உண்டு.

கேள்வி: வினிகரையும் சமையல் சோடாவையும் சேர்த்துப் போட்டால் வாடை போகும் என்கிறார்களே?

பதில்: இரண்டையும் சேர்த்தால் பொங்கும். பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். ஒன்று அமிலம், மற்றது காரம். ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர் மாதிரி ஒன்று. வினிகர் தனியாகச் சுண்ணாம்புப் படிவைக் கரைக்கும். ஆனால் அடிக்கடி ஊற்றினால் ரப்பரையும் சில உலோகப் பாகங்களையும் பாதிக்கலாம், அதனால் நான் பரிந்துரைப்பதில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று. குளோரின் பிளீச்சோடு வினிகரையோ வேறு எந்த அமிலத்தையோ சேர்க்கவே கூடாது. நச்சான குளோரின் வாயு கிளம்பும். ஒரு ஓட்டத்தில் பிளீச் போட்டிருந்தால் நன்றாக அலசிய பிறகே வேறு எதையும் தொடுங்கள்.

கேள்வி: கடையில் விற்கும் டப் கிளீனர் பொட்டலங்கள் வாங்கத் தகுந்தவையா?

பதில்: பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள். சோடியம் பெர்கார்பனேட், சலவை சோடா என்று இருந்தால் அது பிசுபிசுப்பையும் கிருமியையும் நீக்கும். சிட்ரிக் அமிலம் என்று இருந்தால் உப்புத் தண்ணீர்ப் படிவைக் கரைக்கும். இரண்டும் வெவ்வேறு வேலை. டிரம்மின் விளிம்பில் வெள்ளையாக, சொரசொரப்பாகப் படிந்திருக்கிறதா? அப்படியென்றால் உங்களுக்கு இரண்டாவதும் தேவை, ஏனென்றால் அந்தச் சொரசொரப்பில்தான் அழுக்கு பிடித்து நிற்கும். இரண்டையும் வேறு வேறு நாளில் போடுங்கள். என்ன பொருள் கலந்திருக்கிறது என்று சொல்லாமல் நறுமணத்தை மட்டும் சொல்லும் பொட்டலத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எங்களுடையது மேலே மூடி திறக்கும் மெஷின். ஹீட்டர் கிடையாது. வெளுத்த துணியில் கறுப்புத் துணுக்குகள் ஒட்டுகின்றன, லேசாக வாடையும் இருக்கிறது.

பதில்: அந்தத் துணுக்குகள் வெளித்தொட்டியிலிருந்தும், அடியில் சுழலும் பல்சேட்டர் தட்டுக்குக் கீழிருந்தும் பெயர்ந்து வருபவை. நூல்பிசிறு பிடிக்கும் வலைப்பையை முதலில் கழுவுங்கள், கிழிந்திருந்தால் மாற்றுங்கள். பிறகு கையேட்டில் எவ்வளவு சூடு வரை தாங்கும் என்று பார்த்து, வெந்நீரைத் தொட்டி நிறைய விட்டு, ஆக்சிஜன் பிளீச் தூள் போட்டு ஐந்து நிமிடம் சுற்றவிட்டு நிறுத்துங்கள். சில மணி நேரம் ஊறட்டும். மிதக்கும் செதிலைச் சின்ன வலையால் அள்ளிவிட்டுத் தண்ணீரை வெளியேற்றுங்கள். இரண்டு முறை செய்தும் துணுக்கு நிற்காவிட்டால், சர்வீஸ்காரரை அழைத்துப் பல்சேட்டரைக் கழற்றி உங்கள் கண்ணெதிரே கழுவச் சொல்லுங்கள். இந்த வேலைக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

கேள்வி: மக்கிய வாடை இல்லை, சாக்கடை நாற்றம். மெஷின் ஓடாதபோதும் வருகிறது.

பதில்: அப்படியானால் மெஷினைச் சந்தேகிக்காதீர்கள். டிரம்மில் ஒரு முறை, வடிகுழாய் போய்ச் சேரும் இடத்தில் ஒரு முறை முகர்ந்து பாருங்கள். தரை வடிகாலின் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போனால் சாக்கடைக் காற்று நேரே மேலே வரும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றியதும் நின்றுவிட்டால் விஷயம் முடிந்தது. நிற்காவிட்டால் பிளம்பர் வேலை.

கேள்வி: புது மெஷின் வாங்கப் போகிறோம். இந்தத் தொல்லை வராமலிருக்க எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: உள்ளேயே ஹீட்டர் இருக்கிறதா, 60 டிகிரிக்கு மேல் போகிறதா என்பதுதான் முதல் கேள்வி. அடுத்து, கடையிலேயே குனிந்து ஃபில்டர் கதவைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வடிக்கச் சிறு குழாய் உண்டா, இழுப்பறை முழுதாகக் கழன்று வருகிறதா? விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, பல வருடம் இதையெல்லாம் கழற்றப் போவது நீங்கள்தான். கிருமி எதிர்ப்பு ரப்பர் என்ற வாசகத்துக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம், அதையும் துடைத்துத்தான் ஆக வேண்டும். உத்தரவாதத்தில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டில் மெஷின் வைக்கும் இடத்தையும் அளந்து பாருங்கள். கதவைச் சற்றுத் திறந்து வைக்கவே இடமில்லாத மூலை என்றால், எந்த மாடலை வைத்தாலும் நாறும்.

கேள்வி: சுற்றும்போது ரப்பர் எரிவது போல ஒரு வாடை. இதற்கும் சுடுநீர் ஓட்டம் விடலாமா?

பதில்: கூடாது. பெல்ட் வழுக்கித் தேய்ந்திருக்கலாம், மோட்டாரோ வயரோ சூடாகியிருக்கலாம். உடனே நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். ஆள் வந்து பின்பக்கத்தைத் திறந்து பார்க்கும்வரை அது கழன்றே இருக்கட்டும்.