உத்தம சோழன் மேல் ஏன் இந்தப் பழி?

கேள்வி: 'பொன்னியின் செல்வன்' இப்போதுதான் முடித்தேன். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி உடைத்துச் சொல்லவே இல்லையே! பட்டத்துக்கு ஆசைப்பட்ட உத்தம சோழன்தானே நிஜத்தில் செய்யச் சொன்னது?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: இல்லை என்பதுதான் என் கட்சி. ஆனால் இந்தச் சந்தேகத்தைக் கிளப்பியவர் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி, லேசாகத் தள்ளிவிட முடியாது. சித்தப்பா உத்தமனுக்கு ஆசை இருக்கும்வரை, ஆதித்தனின் தம்பி அருண்மொழி (பின்னாளில் ராஜராஜன்) அரியணையை மனத்தாலும் விரும்பவில்லை என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. கொலை நடந்தது 970-ஐ ஒட்டி. கொலைகாரர்களின் சொத்தை விற்கச் சொல்லும் உடையார்குடிக் கல்வெட்டோ ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டு. நடுவில் உத்தமன் ஆண்ட சுமார் 15 ஆண்டுகள் சும்மா இருந்தானே, ஏன்? இதுதான் வாதம்.

சரி, அந்தக் கல்வெட்டைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வீரநாராயண சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் அனுப்பிய ஓலை அது. துரோகிகள், அவர்களுடைய உறவினர்கள் எல்லாருடைய சொத்தையும் கண்காணிப்போடு விற்க வேண்டும் என்கிறது. குற்றவாளிகள் எப்போது பிடிபட்டார்கள், என்ன தண்டனை பெற்றார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. நிலம் கைமாறிய ஆண்டைத் தண்டனை கிடைத்த ஆண்டாக எடுத்துக்கொண்டால் எப்படி? இன்னொரு வரலாற்றாசிரியரான சதாசிவ பண்டாரத்தாரும் சாஸ்திரியின் முடிவை ஏற்கவில்லை.

அந்தக் கல்வெட்டில் துரோகிகளில் ஒருவனாக வரும் ரவிதாசனுக்குப் 'பஞ்சவன் பிரமாதிராஜன்' என்று பட்டம். பஞ்சவன் என்றால் பாண்டியன். ஆதித்தனோ 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்று தன் கல்வெட்டுகளில் போட்டுக்கொண்டவன். பகை எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

எனக்குப் பெரிதாகப் படுவது பிறகு நடந்ததுதான். உத்தமனின் தாய் செம்பியன் மாதேவி ராஜராஜன் காலத்திலும் மரியாதை குறையாமல் கோயில் திருப்பணி செய்துகொண்டிருந்தார். உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தனைக் கோயில் காரியங்களை விசாரிக்கும் பதவியில் வைத்தான் ராஜராஜன். கூடப் பிறந்த அண்ணனைக் கொல்லச் சொன்னவன் பிள்ளையிடம் யாராவது கோயில் கணக்கை ஒப்படைப்பார்களா? பக்கத்தில் அக்கா குந்தவை வேறு இருக்கிறாள். அவள் விட்டிருப்பாளா?

1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதிய கல்கிக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். நாவலில் பட்டத்துக்கு அலையும் மதுராந்தகன் (உத்தமனாக வளர்க்கப்பட்டவன்) வேறு, செம்பியன் மாதேவியின் சொந்தப் பிள்ளை சேந்தன் அமுதன் வேறு என்று ஆளையே பிரித்துவிட்டார். அருண்மொழியே அமுதன் தலையில் கிரீடத்தை வைப்பதாக முடித்தார். அந்த அம்மாளின் மேல் ஒரு சொல்லும் விழாமல் பார்த்துக்கொண்ட அந்த மனசுக்காகவே அவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

கேள்வி: அந்தக் கல்வெட்டை நாங்கள் போய்ப் பார்க்க முடியுமா?
(வாசகர், சேலம்)

பதில்: தாராளமாக. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. நாவலின் நாயகன் வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று குதிரையில் வந்தானே, அந்த வீராணம் ஏரி பக்கத்திலேயே. வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால் எழுத்து நன்றாகத் தெரியும். தெரியவில்லை என்று சுண்ணாம்போ விபூதியோ தேய்த்துவிடாதீர்கள்.