ஒரே மழை, இரண்டு தேதி – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் வேளாண் பொறியியல் மாணவி. வடகிழக்குப் பருவமழை பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். 2015 சென்னை வெள்ளத்தின் தரவை எடுத்ததும் குழம்பிப்போனேன். இந்திய வானிலைத் துறையின் கட்டத் தரவில் (நாட்டைச் சிறு சதுரங்களாகப் பிரித்த மழைக் கணக்கு) பெருமழை டிசம்பர் 2-ல் இருக்கிறது. ஐரோப்பிய வானிலை மையம், அளவீடுகளையும் கணினி மாதிரியையும் சேர்த்துக் கணக்கிட்ட ஈஆர்ஏ5 தரவில் டிசம்பர் 1. “ஒரு நாள் தள்ளிப் போட்டுக்கொள்” என்கிறார் என் வழிகாட்டி. எல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, ஆனால் எதுவும் எதோடும் ஒத்துப்போவதில்லை. எல்லா மையங்களும் ஒரே மாதிரி கொடுத்தால் என்ன?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கணக்கில் பிழை இல்லை. இரண்டு தேதியும் சரிதான்.

நம் நாட்டில் மழைமானியில் சேர்ந்த நீரைக் காலை 8.30 மணிக்கு அளவுக் குடுவையில் ஊற்றிப் பார்ப்பார்கள். முந்தைய நாள் 8.30 முதல் பெய்தது முழுக்க அன்றைய தேதியில் ஏறும். தாம்பரத்தின் 49 சென்டிமீட்டர் அப்படித்தான் டிசம்பர் 2-ல் பதிவானது. பெய்தது பெரும்பாலும் முதல் தேதி பகலிலும் இரவிலும். ஈஆர்ஏ5 கிரீன்விச் நேரப்படி நடப்பது. அதன் நாள் நமக்குக் காலை 5.30-க்குத் தொடங்குகிறது. ஆகவே முழுதாக ஒரு நாள் தள்ளினாலும் மூன்று மணி நேரம் இடிக்கும். விடியற்காலையில் கொட்டும் மழைக்கு அந்த மூன்று மணி நேரம் சின்ன விஷயமில்லை.

‘ஒரே மாதிரி’ என்கிறீர்களே, அதில்தான் நான் கொஞ்சம் வேறுபடுகிறேன். 8.30 வழக்கத்தை யாரும் மாற்றக் கூடாது. நம் கட்டத் தரவு 1901 முதல் இருக்கிறது. பாதியில் நாளின் எல்லையை நகர்த்தினால் அந்தத் தொடர்ச்சியே போய்விடும். ஒவ்வொரு மையமும் தன் வழக்கப்படி அளக்கட்டும். எப்படி அளந்தோம் என்பதை எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே சொல்லில், கோப்புக்குள்ளேயே எழுதட்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

இது புதுக் கனவும் இல்லை. 1853-ல் பிரஸ்ஸல்ஸில் கடற்படைக்காரர்கள் கூடி, கப்பல்களில் வானிலையை ஒரே மாதிரிக் குறிக்க ஒப்புக்கொண்டார்கள். இன்று அந்த வேலையைச் செய்வது சிஎஃப் மரபு, அதாவது பருவநிலைத் தரவுக் கோப்பில் எதை எப்படி எழுதுவது என்ற பொது விதிகள். பருவநிலையைக் கணினியில் கணக்கிடும் மாதிரி ஒன்றின் நெட்சிடிஎஃப் கோப்பை (எண்களோடு அவற்றின் விளக்கமும் சேர்ந்திருக்கும் கோப்பு வகை) திறந்து தலைப்பகுதியை நிதானமாகப் படியுங்கள். மழை, சதுர மீட்டருக்கு நொடிக்கு எத்தனை கிலோ என்று இருக்கும். ஒரு நாளின் நொடிகளான 86,400-ஆல் பெருக்கினால் நாளுக்கு மில்லிமீட்டர். ஒவ்வொரு எண்ணும் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரைக்குமானது என்ற எல்லையும் இருக்கும். நாள்காட்டி என்ற வரியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பிரிட்டிஷ் மாதிரிகள் சிலவற்றில் வருடத்துக்கு 360 நாள்தான், பிப்ரவரி 30 உண்டு! அந்த வரியைப் பார்க்காமல் நம் நாள்காட்டியில் போட்டால் பத்து வருடத்தில் 50 நாளுக்கு மேல் நழுவிவிடும்.

இப்படி எழுதாத கோப்பு என்ன செய்யும் என்று நான் அனுபவப்பட்டிருக்கிறேன். ஓர் அலுவலகத்திலிருந்து வந்த மழைத் தரவில், அளவு இல்லாத நாள்களுக்கு -999 என்று போட்டிருந்தார்கள். அதைச் சொல்லும் குறிப்பு எங்கும் இல்லை. ஒரு நெல் வட்டாரத்தின் மாத சராசரி மழை பூஜ்யத்துக்குக் கீழே வந்தது. அது கண்ணில் பட்டது நல்லவேளை. பல வருடத் தரவின் இடையில் இரண்டு நாள் மட்டும் விடுபட்டு, மற்ற வருடங்களின் மழை அதை ஈடுகட்டியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

இதைச் சரியாகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ஐ.நா.வின் பருவநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி-யின், 2007-ல் வந்த நான்காம் அறிக்கைக்காக 20-க்கும் மேற்பட்ட மாதிரிகளின் முடிவுகளை, ஒரே வடிவில், கலிஃபோர்னியாவின் லிவர்மோரில் சேர்த்துத் திறந்து வைத்தார்கள். மாதிரி உருவாக்காதவர்கள்கூட அதை வைத்து நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதினார்கள். இப்படி மாதிரிகளை ஒப்பிடும் அடுத்த சுற்றில் தரவு பெருகி ஒரே இடத்தில் வைக்க முடியாமல் போனது. இப்போது ஹாம்பர்க், பாரிஸ், கான்பெரா என்று அந்தந்த ஊரிலேயே இருக்கிறது, தேடுவது மட்டும் ஒரே வாசலில். புனேயின் வெப்பமண்டல வானிலை நிறுவனம் ஆறாம் சுற்றில் தன் மாதிரியோடு சேர்ந்திருக்கிறது. கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்டு வாங்கும் ஓபன்டேப் வசதி இருக்கும் இடங்களில் முழு உலகக் கோப்பையும் இறக்க வேண்டாம், தமிழ்நாட்டுச் சதுரத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளலாம். கல்லூரி விடுதியின் இணைய வேகத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, உங்கள் ஆய்வேட்டுக்கு வருவோம். ஈஆர்ஏ5-ன் மணிவாரித் தரவை எடுங்கள். நம் காலை 8.30 என்பது கிரீன்விச் 3 மணி. அதில் 4 மணி என்று போட்ட எண், 3 முதல் 4 வரை பெய்தது. ஆகவே டிசம்பர் 1 கிரீன்விச் 4 மணியிலிருந்து டிசம்பர் 2 கிரீன்விச் 3 மணி வரை உள்ள 24 எண்களைக் கூட்டுங்கள். அது மீட்டரில் இருக்கும், 1000-ஆல் பெருக்குங்கள். நம் துறையின் டிசம்பர் 2-ஐ அதன் பக்கத்தில் வையுங்கள். வழிகாட்டியிடமும் இதைக் காட்டுங்கள். கூட்டிய விதத்தை ஆய்வேட்டில் பின்னிணைப்பில் ஒளிக்காமல் அட்டவணைக்கு மேலேயே எழுதிவிடுங்கள்.