சீனிக் கரைசல் சிவக்கவில்லையே!

கேள்வி: என் மகள் சிபிஎஸ்இ பிளஸ் டூ படிக்கிறாள். சீனிக் கரைசலில் பெனடிக்ட் (சர்க்கரையைக் கண்டறியும் நீலக் கரைசல்) ஊற்றிச் சூடாக்கினாள், நீலமாகவே இருந்ததாம். ரெக்கார்டு நோட்டு விற்கும் கடைக்காரர், 'கட்டாயம் கலர் வரும்' என்று ஒரு கிட் காட்டுகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். நீலமாக இருந்ததுதான் சரியான விடை. பெனடிக்ட் எல்லாக் கார்போஹைட்ரேட்டையும் காட்டாது, தன்னிடமுள்ள தாமிரத்தை ஒடுக்கும், அதாவது அதற்கு எலக்ட்ரான் கொடுக்கும், சர்க்கரைகளை மட்டும்தான் காட்டும். குளுக்கோஸ், தேன், பால், பழுத்த வாழைப்பழம் எல்லாம் கொதிநீரில் சில நிமிடம் வைத்தால் நிறம் மாறும், சர்க்கரை நிறைய இருந்தால் செங்கல் சிவப்பு வரை போகும். சீனியோ சுக்ரோஸ். அதில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் வினைபுரிய வேண்டிய முனைகளாலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன.

பிடியை விடுவிக்க, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளி சேர்த்து ஐந்து நிமிடம் கொதிநீரில் வைத்து, ஆறியதும் நுரை அடங்கும்வரை ஆப்பச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, அப்புறம் பெனடிக்ட் ஊற்றிச் சூடாக்க வேண்டும். சோடாவை மறந்தால் மிச்ச அமிலம் பெனடிக்டின் காரத்தைத் தின்றுவிடும், மறுபடி நீலம்தான்.

வெல்லம் மட்டும் அமிலமே இல்லாமல் நிறம் மாறுமே, அதுவும் கரும்புதானே என்று அடுத்து கேட்பீர்கள். கரும்புச்சாறு காயும்போதே சுக்ரோஸில் கொஞ்சம் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைந்துவிடுகிறது. ஆலையில் அதைக் கழிவுப்பாகோடு பிரித்தெடுத்துவிட்டுத்தான் வெள்ளைச் சீனி செய்கிறார்கள், வெல்லத்தில் அது அப்படியே தங்கிவிடும். நாட்டுச் சர்க்கரையும் அப்படித்தான். அதனால் வெல்லத்தில் நிறம் மாறியது என்பதை வைத்து 'சீனியும் மாறும்' என்று எழுதிவிடாதீர்கள்.

அயோடின் சோதனை சர்க்கரைக்கு அல்ல, மாவுச்சத்துக்கு மட்டும், அதில் நீலம் வரும். அரிசிக் கஞ்சி ஆறிய பிறகு விடச் சொல்லுங்கள், சூட்டில் நீலம் தெரியாது.

இனி அந்த கிட். சீனி என்று எழுதிய குப்பியில் குளுக்கோஸ் போட்டுக் கொடுத்தால் கலர் கட்டாயம் வரத்தான் செய்யும்! பெனடிக்ட் போலவே ஒடுக்கும் சர்க்கரையைக் காட்டும் ஃபெலிங் கரைசலின் ஏ, பி இரண்டு பகுதிகளையும் சிலர் ஒரே பாட்டிலில் கலந்தே விற்கிறார்கள். சோதிக்கும்போதுதான் கலக்க வேண்டும், முன்னாலேயே கலந்தால் கெட்டுப்போகும். பல பள்ளிகளில் ஆய்வகத்தைத் திறப்பதே தேர்வு நெருங்கும்போதுதான், ரெக்கார்டில் 'செங்கல் சிவப்பு' என்று முன்கூட்டியே எழுத வைத்துவிடுகிறார்கள், அப்புறம் கண்ணால் பார்த்ததை எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் பயம் வராமல் என்ன செய்யும்?

மகள் 'நீலம் மாறவில்லை, ஒடுக்கும் சர்க்கரை இல்லை' என்றே எழுதட்டும். கீழே மோலிஷ் சோதனையையும் சேர்க்கட்டும். ஊதா வளையம் வந்தால் கார்போஹைட்ரேட் இருக்கிறது என்று அர்த்தம், சீனிக்கும் அது வரும். அதற்கு அடர் கந்தக அமிலம் வேண்டும், ஆகவே ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.