“பூட்டி வெச்சிருக்கீங்களா?” சிகாகோ துப்பாக்கிகளும் நம் பிள்ளைகளும்: கேள்வி பதில்

நான் கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரி. கோவையில் நர்சிங் படித்துவிட்டு, சிகாகோவில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் அவசரப் பிரிவில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். அம்மாவுக்கு முடியாமல் போனதும் ஊர் திரும்பிவிட்டேன். அங்கே பார்த்ததைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். நாற்பதுக்கு மேல் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே கவலையைப் பலர் எழுதியிருப்பதால் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

பெருந்துறையிலிருந்து ஒரு அம்மாயி: ஏனுங்க சிஸ்டர், எம் பொண்ணு சிகாகோவுல இருக்குதுங்க. பேரனுக்கு ஆறு வயசு. டிவியில எப்பப் பாத்தாலும் துப்பாக்கிச் சூடுங்கறாங்க. பொண்ணுகிட்டக் கேட்டா ‘எங்க பக்கம் அதெல்லாம் ஒண்ணுமில்லைம்மா’ங்குது. நெசந்தானுங்களா?

உங்கள் பெண் சொல்வது நிஜம்தாங்க அம்மா. சிகாகோவில் தெருவில் நடக்கும் சூடு ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கவில்லை. தெற்கிலும் மேற்கிலும் எங்கிள்வுட், வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க், ஆஸ்டின் போன்ற சில பகுதிகளில்தான் அதிகம். நம் ஆட்கள் பெரும்பாலும் நேப்பர்வில், அரோரா மாதிரி புறநகர்களில் இருக்கிறார்கள்.

ஆனால் அதோடு நிம்மதியாகிவிட வேண்டாம். அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணமாக நெடுங்காலம் இருந்தது சாலை விபத்து. 2020-ல் துப்பாக்கி அதைத் தாண்டிவிட்டது. 2021-ல் 18 வயது நிரம்பாத 2,590 பேர் துப்பாக்கியால் இறந்தார்கள். அவர்களில் பத்துக்கு ஆறு பேர் கொலையுண்டவர்கள். பத்துக்கு மூன்று பேர் தங்களையே சுட்டுக்கொண்டவர்கள். கை தவறி வெடித்து இறந்தவர்களும் உண்டு. டிவியில் வருவது முதல் வகைதான். மற்ற இரண்டும் அமைதியான புறநகர் வீட்டுக்குள்ளேயே நடக்கக் கூடியவை. அதனால் ‘உங்க ஊர் எப்படி?’ என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். பேரன் விளையாடப் போகிற வீடுகளில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று விசாரித்தாளா என்றும் கேளுங்கள்.

திருப்பூர், ஒரு அப்பா: அதைப் போய் எப்படிங்க கேக்கறது? அடுத்தவங்க வீட்டு விஷயம். மருமகள் கூச்சப்படுது.

நானும் முதல் தடவை நெளிந்தேன். நம் பக்கத்தில் விருந்துக்குப் போன வீட்டில் உப்புக் குறைச்சல் என்று சொல்லவே யோசிப்போம். ஆனால் அங்கே குழந்தை மருத்துவர்களின் சங்கமே இதைக் கேட்கும்படி பெற்றோருக்குச் சொல்கிறது. துப்பாக்கி வைத்திருப்பவர்களும் பெரும்பாலும் கோபித்துக்கொள்வதில்லை, பூட்டு போட்டிருப்பதைப் பெருமையாகவே சொல்வார்கள்.

என் தோழி ஒருத்தி செய்வதைச் சொல்கிறேன். பிள்ளையை அனுப்புவதற்கு முந்தின நாள் மெசேஜ் போடுவாள்: “எம் பையனுக்கு நிலக்கடலை ஒத்துக்காது. உங்க வீட்டுல நாய் இருக்கா? நீச்சல் குளத்துக்குக் கதவு இருக்கா? அப்புறம், துப்பாக்கி இருந்தா பூட்டி வெச்சிருக்கீங்களா?” நாலோடு நாலாகக் கேட்டால் உறுத்தாது. இழுத்தடிக்கிற பதில் வந்தால், ‘எங்க வீட்டுக்கே அனுப்புங்க, பணியாரம் சுட்டுத் தர்றேன்’ என்று முடித்துவிடுவாள்.

பூட்டுவது என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். குண்டு இறக்கியிருக்க வேண்டும், பெட்டி பூட்டியிருக்க வேண்டும், குண்டுகள் தனியாக வேறு பெட்டியில் பூட்டியிருக்க வேண்டும், சாவியோ எண்ணோ பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது. அலமாரி உச்சியில், துணிக்கடியில், தலையணைக்குக் கீழே, இதெல்லாம் கணக்கில் வராது. தீபாவளிக்கு எடுத்து வைத்த முறுக்கு டப்பாவை எந்த மூலையில் ஒளித்தாலும் நாம் சின்ன வயதில் கண்டுபிடித்தோமா இல்லையா? குண்டு போட்டுப் பூட்டாமல் வைத்த துப்பாக்கி உள்ள வீடுகளில் சுமார் 46 லட்சம் பிள்ளைகள் வாழ்வதாக அங்கே ஓர் ஆய்வு சொன்னது. சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் 2026 தொடக்கத்திலிருந்து, 18 வயதுக்கு உட்பட்டவர் கைக்கு எட்டக்கூடிய இடத்தில் பூட்டாமல் வைப்பது சட்டப்படி தவறு.

நாமக்கல், நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவி: அக்கா, குண்டடி பட்ட குழந்தை வந்தா முதல்ல என்ன செய்வீங்க? குண்டை எடுக்கறதுதானே முதல் வேலை?

இல்லை கண்ணு. அது சினிமாவில். எங்களுக்கு முதல் எதிரி ரத்தப்போக்கு. குழந்தை உடம்பில் கிலோவுக்கு 70 முதல் 80 மில்லி ரத்தம் என்று படித்திருப்பாய். 20 கிலோ பையனுக்கு மொத்தமே ஒன்றரை லிட்டர் சொச்சம். பஸ் ஸ்டாண்டில் வாங்குகிற ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலும் ஒரு சின்ன பாட்டிலும் சேர்ந்த அளவு. பெரியவர் தாங்குகிற இழப்பை அவன் தாங்க மாட்டான். அதுவும் குழந்தைகளுக்கு ரத்த அழுத்தம் கடைசி வரை சரியாகவே காட்டும், அப்புறம் ஒரே நொடியில் விழுந்துவிடும். அழுத்தத்தை நம்பாதே. நாடித் துடிப்பைப் பார், தோல் குளிர்ந்திருக்கிறதா என்று பார்.

ஆம்புலன்ஸ் வரும்வரை காயத்தில் சுத்தமான துணியை வைத்து, இரண்டு கையாலும் எடையைப் போட்டு அழுத்த வேண்டும். அடிக்கடி எடுத்துப் பார்க்கக் கூடாது. கை கால் என்றால் டூர்னிக்கே, அதாவது காயத்துக்கு மேலே ரத்தம் நிற்கிற மாதிரி இறுக்குகிற பட்டையைக் கட்டு. அமெரிக்காவில் 2015-லிருந்து இதைப் பொதுமக்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் இயக்கமே நடக்கிறது. இங்கே அறுவடை இயந்திரத்தில் கை மாட்டினாலும் பைக்கில் விழுந்தாலும் இதே வித்தைதான்.

குண்டைப் பல நேரம் உள்ளேயே விட்டுவிடுவோம். தோண்டி எடுப்பதால் வரும் சேதம் அதிகமாக இருக்கும்.

ஒரு ஜூலை ராத்திரி ஏழு வயதுப் பையன் வந்தான். வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து குச்சி ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன். யாருக்கோ வைத்த குறி இவன் தொடையில் பட்டுவிட்டது. மிதித்தால் விளக்கு எரிகிற ஷூ போட்டிருந்தான். உடையை வெட்டி, ஷூவைக் கழற்றி, போலீசிடம் கொடுப்பதற்காக ஒரு பையில் போட்டோம். யார் கால் பட்டு அந்தப் பை நகர்ந்தாலும் உள்ளே சிவப்பும் நீலமுமாக மின்னியது. நாங்கள் ஆறேழு பேர் வேலையில் இருந்தோம். யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்தது. பையன் பிழைத்தான். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து தெளிவாகப் பேசியபோது கேட்டது, “என் ஷூ எங்கே?”

இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். 2010-ல் சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் சுடப்பட்ட 18 வயது இளைஞர் ஒருவரை, அருகில் வயது வந்தோருக்கான விபத்துச் சிகிச்சை மையம் இல்லாததால், நகரின் மையத்துக்குக் கொண்டு ஓடினார்கள். அவர் இறந்துவிட்டார். அவருடைய கூட்டாளிகள், எல்லாம் இளவட்டங்கள், வருடக்கணக்காகப் போராடினார்கள். 2018 மே மாதம் சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனையில் அந்த மையம் திறந்தது. மலைக்கிராமத்தில் அடிபட்டவரை சத்திக்கும் கோவைக்கும் தூக்கிக்கொண்டு ஓடுகிற நமக்கு அந்தத் தூரத்தின் அர்த்தம் தெரியும்.

ஈரோடு, கல்லூரி மாணவர்: சுடுபட்டுச் சாகற பசங்க பெரும்பாலும் கேங்குல இருக்கறவங்கதானே? நல்ல பசங்களுக்கு ஏன் நடக்கப் போகுது?

தம்பி, இந்தக் கேள்வியை அங்கேயும் நிறையப் பேர் கேட்பார்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் வயிறு எரியும். சிகாகோவில் ஹடியா பெண்டில்டன் என்ற 15 வயதுப் பெண், 2013 ஜனவரியில் ஒபாமா இரண்டாம் முறை பதவியேற்ற விழா நிகழ்ச்சிகளில் பள்ளிக் குழுவோடு ஆடிவிட்டு வந்தவள். அடுத்த வாரம் பரீட்சை முடிந்து, மழைக்கு ஒரு பூங்காவில் ஒதுங்கி நின்றபோது சுடப்பட்டு இறந்தாள். வேறு யாரோ என்று நினைத்துச் சுட்டார்கள். அவளுடைய தோழிகள் ஆரஞ்சு நிற உடை அணிய ஆரம்பித்தார்கள். காட்டில் வேட்டைக்காரர்கள் ‘நான் மனுஷன், சுடாதே’ என்று காட்ட உடுத்துகிற நிறம் அது.

சரி, கேங்கில் இருந்த பையன் என்றே வைத்துக்கொள்வோம். பதினாறு வயதில் அவன் சாகலாமா?

சண்டைக்குக் காரணம் என்ன என்று கேட்டால் பாதி நேரம் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும். போனில் வந்த ஒரு கிண்டல், ஒரு முறைப்பு. சிகாகோ பள்ளிகளில் பையன்களுக்கு நடத்தும் ஒரு பயிற்சி உண்டு. இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்து, ஒருவன் கையில் பந்தைக் கொடுத்து, மற்றவனிடம் முப்பது நொடிக்குள் அதை வாங்கு என்பார்கள். புரண்டு, கையை முறுக்கி, சட்டை கிழிகிற அளவுக்குப் போகும். முடிந்ததும் ஆசிரியர் கேட்பார்: “ஏன் ஒருத்தனும் ‘பந்தைக் கொடு’ன்னு கேக்கலை?” கேட்டால் என்னைச் சப்பையாக நினைப்பான் என்பான் ஒருவன். பந்து வைத்திருந்தவனோ, கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், வெறும் பந்துதானே என்பான். இந்தப் பயிற்சித் திட்டத்தை ஆராய்ந்தபோது, சேர்ந்த பையன்கள் அந்தக் காலத்தில் வன்முறைக் குற்றத்துக்குக் கைதாவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. அடிதடி எந்த ஊரிலும் இருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் அடிதடி அங்கே நிற்பதில்லை.

சேலம்: அங்க இது குறையவே குறையாதுங்களா?

குறைந்திருக்கிறதுங்க. சிகாகோவில் 2021-ல் கொலைகள் ஏறக்குறைய 800. 2024-ல் 600-க்குக் கீழே வந்தது, 2025-ல் இன்னும் இறங்கியது. ஒரு காரணத்தை மட்டும் காட்ட முடியாது. சோமாலியாவில் காலராவோடு மல்லுக்கட்டிய கேரி ஸ்லட்கின் என்ற மருத்துவர், கொலையும் தொற்றுநோய் மாதிரியே பரவுகிறது என்று 2000-ல் வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க்கில் ஒரு வேலையைத் தொடங்கினார். அந்தத் தெருவிலேயே வளர்ந்து, ஜெயிலுக்கும் போய் வந்தவர்களைச் சம்பளத்துக்கு வைத்து, பழிக்குப் பழி வாங்குவதற்கு முன்னால் நடுவில் போய்ப் பேச வைப்பது. நம் ஊரில் பங்காளிச் சண்டைக்கு நடுவில் போய் நிற்கிற பெரியவர் மாதிரி.

கோடை விடுமுறையில் எட்டு வாரம் வேலை கொடுத்த இளவட்டங்களிடம், அடுத்த 16 மாதத்தில் வன்முறைக்கான கைதுகள் 43 சதவீதம் குறைந்ததாக 2014-ல் ஓர் ஆய்வு வெளியானது. பிலடெல்ஃபியாவில் குப்பை மேடாகக் கிடந்த காலி மனைகளைச் சுத்தம் செய்து புல்லும் மரமும் வைத்தார்கள். ஏழைப் பகுதிகளில் அந்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கிச் சூடு 29 சதவீதம் குறைந்தது. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

கரூர், ஒரு அம்மா: அண்ணன் பையன் அட்லாண்டாவுல பதினோராவது படிக்கறான். ஆறு மாசமா யாருகிட்டயும் பேசறதில்லையாம். அண்ணன் பாதுகாப்புக்குன்னு துப்பாக்கி வாங்கி வெச்சிருக்காரு. பயமா இருக்குது.

இன்றைக்கே அண்ணனுக்குப் போன் பண்ணுங்க. பையன் தெளிகிற வரைக்கும் அந்தத் துப்பாக்கி வீட்டில் இருக்க வேண்டாம். நம்பிக்கையான நண்பர் வீட்டில் பூட்டி வைக்கச் சொல்லலாம், சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், விசாரித்துச் செய்யட்டும். செத்துவிடலாம் என்று தோன்றுவது பலருக்கு அலை மாதிரி வந்து போவது. அந்த நேரத்தில் கையில் என்ன கிடைக்கிறது என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது. நம் தோட்டத்துச் சாளையில் பூச்சி மருந்தைப் பூட்டி வை என்று சொல்வதும் இதற்காகத்தான்.

அப்புறம் பையனிடம் நேராகவே கேட்கச் சொல்லுங்க, ‘சாகணும்னு தோணுதா சாமி?’ என்று. கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. அங்கே இதற்கென்றே இருக்கும் உதவி எண் 988, எந்நேரமும் கூப்பிடலாம். நம் பக்கத்தில் அரசின் மனநல உதவி எண் 14416 டெலி மானஸ், தமிழில் பேசுவார்கள். என்ன ஆயிற்று என்று எனக்கும் ஒரு வார்த்தை எழுதுங்க.

பொள்ளாச்சி: பேத்திக்குப் பள்ளிக்கூடத்துல விளக்கை அணைச்சு, மேசைக்கடியில ஒளியற பயிற்சி தர்றாங்களாம். பச்சப்புள்ளைக்கு இதெல்லாம் தேவைங்களா?

அங்கே ஏறக்குறைய எல்லாப் பள்ளியிலும் உண்டுங்க. பள்ளிக்குள் சுடப்பட்டு இறக்கும் பிள்ளைகள் மொத்தத்தில் மிகச் சிறு பங்குதான். வீட்டிலும் தெருவிலும்தான் அதிகம். பயிற்சி நடந்த அன்று ராத்திரி பேத்தி வீடியோ காலில் வந்தால், பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று அவளையே சொல்ல விட்டு முழுசாகக் கேளுங்க. கேட்க ஆள் இருந்தாலே பாதி பயம் இறங்கும்.

காங்கேயம்: பேசாம எல்லாரையும் ஊருக்கே வரச் சொல்லிடட்டுங்களா?

அதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இங்கே வந்தாலும் பைக்கில் பேரனுக்கு ஹெல்மெட் போட்டு விடுங்க.

தாளவாடி: எங்க அப்பிச்சிக்குப் பயிர் காவலுக்கு லைசென்ஸ் வாங்கின நாட்டுத் துப்பாக்கி இருந்தது. அவர் போய் ரெண்டு வருஷமாச்சு. பரண் மேல கிடக்குது, வெடிமருந்து டப்பாவும் பக்கத்துலயே. பசங்க லீவுக்கு இருபது நாள்ல வர்றாங்க. சும்மா கிடக்கறதுதானே, ஒண்ணும் ஆகாதில்லைங்க?

அண்ணா, வந்த கேள்விகளிலேயே என்னைத் தூங்க விடாதது உங்களுடையதுதான். லைசென்ஸ் அப்பிச்சி பெயருக்குத்தான். அவர் காலமானதும் அதை வீட்டில் வைத்திருக்க உங்களுக்கு உரிமை இல்லை. 1959 ஆயுதச் சட்டப்படி தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு என்ற முறையில் உங்களுக்கு வேண்டுமென்றால் அப்புறம் தனியாக விண்ணப்பிக்கலாம். தேர்தல் வந்தால் அப்பிச்சி ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாரே, அதே ஸ்டேஷன்தான்.

உள்ளே பழைய மருந்து கெட்டித்திருக்கலாம், யாரும் ஆராய்ச்சி பண்ண வேண்டாம். குழலைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டாம். நீங்களே தூக்கிக்கொண்டு பஸ் ஏறவும் வேண்டாம். முதலில் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணி, இப்படி ஒன்று பரண் மேல் இருக்கிறது, மருந்து ஏறியிருக்கிறதா என்று தெரியவில்லை என்று சொல்லுங்க. அவர்கள் சொல்கிறபடி செய்யுங்க. பழைய லைசென்ஸ் புத்தகத்தையும் இறப்புச் சான்றிதழையும் தேடி எடுத்து வையுங்க. அதுவரை பரணுக்கு ஏறுகிற ஏணியைத் தோட்டத்துச் சாளைக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பூட்டிவிடுங்க. இருபது நாள் இருக்கிறது என்று தள்ளிப் போடாதீர்கள், திங்கட்கிழமை காலையிலேயே போனைப் போடுங்க.