கடலோரக் கொட்டகைக்கு எந்த ஷீட் போடலாம்?

கேள்வி: மண்டபம் பக்கம், கடலிலிருந்து நூறு மீட்டர்கூட இருக்காது எங்கள் இடம். வலையும் ஐஸ் பெட்டியும் வைக்க 12-க்கு 15 அடியில் ஒரு கொட்டகை. ஓலையைப் பிரித்துவிட்டு ஷீட் போடப்போகிறோம். கடையில் 0.35 எம்.எம். கலர் ஷீட்டைக் காட்டி, பத்து வருஷம் வாரண்டி என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் அந்த வாரண்டி அட்டையைக் கையில் வாங்கிப் படியுங்கள். கடலிலிருந்து இத்தனை மீட்டருக்குள் இருந்தால் செல்லாது என்று பல வாரண்டிகளில் பொடி எழுத்தில் இருக்கும், நீங்கள் நூறு மீட்டருக்குள் இருக்கிறீர்கள்.

கலரைப் பார்த்து வாங்காதீர்கள், அடியில் என்ன பூச்சு என்று கேளுங்கள். வெறும் துத்தநாகம் பூசிய ஜிஐ தகரம் உப்புக்காற்றுக்குச் சீக்கிரம் விழுந்துவிடும். அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசிய கால்வால்யூம், அதிலும் ஏஇசட் 150, அதாவது ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 150 கிராம் பூச்சு, அதன்மேல் பெயிண்ட், தடிமன் 0.50 எம்.எம். இதற்குக் குறைய வேண்டாம். அந்த 0.50 மொத்தத் தடிமனா, உள்ளிருக்கும் இரும்பின் தடிமனா என்றும் கேட்டு, பூச்சையும் சேர்த்து பில்லில் எழுதி வாங்குங்கள். "கலர் ஷீட் 10" என்று மட்டும் எழுதிய பில்லை வைத்துக்கொண்டு நாளைக்கு நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தாலும் எதைக் காட்டிப் பேசுவீர்கள்?

கையில் காசு இருந்தால் அலுமினிய ஷீட் இன்னும் நல்லது. ஆனால் அது இரும்புப் பைப்பில் நேரடியாக உட்காரக் கூடாது, நடுவில் ரப்பர் பட்டை வேண்டும்.

அப்புறம் ஸ்க்ரூ. எங்கள் அக்கா வீட்டு மாடியில் நல்ல ஷீட்தான் போட்டோம். வேலைக்கு வந்தவர் மலிவு ஸ்க்ரூவை அடித்துவிட்டுப் போய்விட்டார். மூன்றாம் வருஷம் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்குக் கீழேயும் கண்ணீர் வழிந்த மாதிரி பழுப்புக் கோடு, வாஷர் ரப்பர் வெடித்து, விரலால் நெம்பினால் தலை மட்டும் கையோடு வந்தது. கடலோரத்துக்கென்று தடித்த பூச்சோடு வரும் ஸ்க்ரூவை நீங்களே வாங்கிக் கொடுங்கள். துருப்பிடிக்காதே என்று கால்வால்யூமுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். உப்பு ஈரத்தில் இரண்டும் ஒட்டியிருந்தால் ஷீட்டின் பூச்சுதான் முதலில் கரையும்.

ஷீட்டைக் கட்டிங் மெஷினில் அறுக்க விடாதீர்கள், தீப்பொறி பட்ட இடமெல்லாம் பூச்சு கருகிவிடும். தகரக் கத்திரியே போதும். துளை போட்ட பிசிறுகளை அன்றைக்கே கூட்டித் தள்ளச் சொல்லுங்கள், ராத்திரிப் பனி பட்டாலே துருக்கறை விழும்.

காற்றை மறக்க வேண்டாம். கச்சானோ வாடையோ, உங்கள் இடத்தில் எது பலமாக அடிக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும், ஷீட் மேல் ஷீட் ஏறும் ஓரம் அதற்கு முதுகு காட்டி இருக்கட்டும். காற்று முதலில் தூக்குவது இறவாரத்தையும் மூலைகளையும்தான், அங்கே ஸ்க்ரூவை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள். பைப் கால்களைக் கான்கிரீட்டில் இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் கூரையோடு சேர்ந்து அதுவும் கிளம்பும்.

மேல்பக்க உப்பை மழை கழுவிவிடும், இறவாரத்தின் அடிப்பக்கத்தில் மழை படாது, துரு அங்கேதான் ஆரம்பிக்கும். நம் பக்கம் நல்ல தண்ணீருக்குப் படும் பாடு எனக்கும் தெரியும், இருந்தாலும் மாதம் ஒருமுறை இரண்டு குடம் அதற்கு ஒதுக்கிவிடுங்கள்.